மேசையின் எந்தப் பக்கம்?



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு உளவியல் சோதனைகள் என்று தலைப்புக் கொடுத்ததும் மன்றத் தோழர்கள் சிலர் யோசித்தார்கள். பஞ்சமி நிலம் பேசலாம், ஆணவக் கொலை பேசலாம், இது எதற்கு என்று கேட்டார்கள். காரணம் இருக்கிறது. முதுநகரிலும் சிதம்பரத்திலும் நம் வாசிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்களின் பேச்சில் "ஆய்வு சொல்கிறது" என்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. எதிரே இருப்பவர் இடஒதுக்கீட்டுக்கு எதிராக ஓர் ஆய்வை எடுத்துப் போட்டால், எத்தனை பேரிடம் செய்தது, யார் செய்தது, பணம் கொடுத்தது யார் என்று துருவுகிறோம். நமக்குச் சாதகமாக ஓர் ஆய்வு வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பதாகையில் எழுதிவிடுகிறோம். இன்று பேச வேண்டியது இந்த இரண்டாவது பழக்கத்தைப் பற்றி. பதாகையில் ஏறிய ஆய்வு நாளைக்குச் சறுக்கினால் அதோடு சேர்ந்து நம் வாதமும் சறுக்கும். அப்படிச் சறுக்கிய வரலாறு உண்டு.

முதலில் நமக்கு எதிரான ஆய்வுகள். அவற்றில் பிழை கண்டுபிடிப்பது நமக்குப் பழகிய வேலை என்பதால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளரின் தலைமையில் படைக்கு வந்தவர்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். ஏறத்தாழ 17.5 லட்சம் பேர் எழுதினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா தாள். தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா தாள். படத்தில் விடுபட்டிருப்பதை வரைந்து காட்ட வேண்டும். வலை இல்லாத டென்னிஸ் மைதானம், குழல் இல்லாத கிராமபோன், புகைபோக்கி இல்லாத வீடு. டென்னிஸ் விளையாட்டையே பார்க்காதவர் வலையை எங்கிருந்து வரைவார்? கீற்றுக் கொட்டகையில் வளர்ந்த நம் பிள்ளைக்கு அந்த வீட்டைக் கொடுத்தால் எதை வரைந்திருக்கும்?

இந்த மதிப்பெண்களை வைத்து கார்ல் பிரிகாம் 1923-ல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பின மக்களும், தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்றார். அவர் கையிலிருந்த கணக்கிலேயே ஒரு செய்தி இருந்தது: அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்த குடியேறிகள் அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். ஊரும் மொழியும் பழகப் பழக மதிப்பெண் ஏறுகிறது, ஆகவே தாள் அளப்பது பழக்கத்தை என்பதுதான் எளிய விளக்கம். பிரிகாம் அதைத் தள்ளிவிட்டு, முன்னால் வந்த குடியேறிகள் உயர்ந்த வித்து, பின்னால் வந்தவர்கள் தாழ்ந்த வித்து என்று எழுதினார். 1930-ல், தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே எழுதிக் கைவிட்டார். இடையில் 1924-ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, கதவு சாத்தப்பட்டிருந்தது.

இந்த அளவுகோல்கள் நம் பக்கமும் வந்தன. பினே சோதனையை இந்துஸ்தானி மொழிக்கு மாற்றி ஹெர்பர்ட் ரைஸ் செய்த அளவுகோல் 1929-ல் புத்தகமாக வெளிவந்தது. அதே 1929-ல்தான் நம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கும் 13 ஆண்டுகள் முன்பு, 1916-ல், சுவாமி சகஜானந்தா அதே ஊரில் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கிவிட்டார். சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா என்று அவர் எந்த அளவுகோலையும் வாங்கிவந்து நிரூபித்துக்கொண்டிருக்கவில்லை. பள்ளியைத் திறந்தார், பிள்ளைகள் வந்தார்கள்.

இனி நமக்குச் சாதகமானவை. மிகவும் புகழ்பெற்றது பொம்மைச் சோதனை. அண்ணல் அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத் தம்பதி கென்னத் கிளார்க், மேமி கிளார்க். கறுப்பினக் குழந்தைகளின் முன்னால் நான்கு பொம்மைகளை வைத்தார்கள்; இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. எதோடு விளையாட விருப்பம், எது நல்ல பொம்மை, எது கெட்டதாகத் தெரிகிறது என்று கேட்டுவிட்டு, கடைசியில், எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். இந்த வரிசையைத் தெரிந்துதான் வைத்தார்கள். உன்னைப் போல எது என்று முதலிலேயே கேட்டால், குழந்தை தன் நிறத்தை நினைத்துக்கொண்டே மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லும். கேள்வியின் வரிசை பதிலை மாற்றும் என்பதை முன்கூட்டியே கண்டு சரிசெய்த நல்ல வேலை அது. கேள்வித்தாள் தயாரிக்கும் நம் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய இடமும் இதுதான். முதல் பக்கத்தில் "உங்கள் சாதி?" என்று கேட்டுவிட்டு, பத்தாம் பக்கத்தில் "நீங்கள் தன்னம்பிக்கை உள்ளவரா?" என்று கேட்கும் தாள்கள் எத்தனையோ நம் கைக்கு வந்திருக்கின்றன.

1947-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 253 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினார்கள். பின்னர் தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் 16 குழந்தைகளிடம் கிளார்க் இதே சோதனையைச் செய்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 11 குழந்தைகள் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வையும் காட்டியது.

தீர்ப்பு சரி. சான்று? பிரிவினைப் பள்ளிதான் குழந்தையின் மனத்தைக் காயப்படுத்தியது என்று சொல்ல வேண்டுமானால், பிரிவினை இல்லாத பள்ளிக் குழந்தையோடு ஒப்பிட வேண்டும். கிளாரண்டனில் அந்த ஒப்பீடு இல்லை. 1947 கட்டுரையில் இருந்தது. அது எதிர்த்திசையில் பேசியது. தெற்கே தனிப்பள்ளியில் படித்தவர்களில் 49 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். வடக்கே கலந்து படித்தவர்களில் 71 விழுக்காட்டினர். எர்னஸ்ட் வான் டென் ஹாக் போன்ற விமர்சகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் கணக்குப்படியே கலந்து படித்தால்தானே காயம் அதிகம் என்றார்கள். தெற்கிலும் வடக்கிலும் வேறுபட்டது பள்ளி மட்டுமா? ஊர் வேறு, குடும்பங்களின் நிலை வேறு, இடப்பெயர்வின் வரலாறு வேறு. அந்தக் கணக்கிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் முடிவு சொல்ல முடியாது என்பதே சரியான பதில். ஆனால் சான்றாக அதை முன்வைத்தவர்களே அப்படிச் சொல்வது கடினம்.

நமக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. காயத்தை நிரூபித்தால்தான் உரிமை என்று வழக்கு ஏன் நகர வேண்டும்? 1927-ல் மகாடு குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியபோது, தண்ணீர் மறுக்கப்பட்டதால் எங்கள் மனம் இத்தனை விழுக்காடு சிதைந்தது என்று பட்டியல் காட்டவில்லை. பொதுக்குளம், நாங்களும் பொதுமக்கள், அவ்வளவுதான். பொம்மைச் சோதனையில் மேசையின் ஒரு பக்கத்தில் ஆய்வாளர், மறுபக்கத்தில் கறுப்பினக் குழந்தை. பிரிவினையை நடத்திய பள்ளி நிர்வாகத்தை யாரும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

அடுத்தது இன்றைய மாணவர்களுக்கு அதிகம் பழக்கமானது. 1995-ல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் கறுப்பின, வெள்ளை மாணவர்களுக்குக் கடினமான மொழித்திறன் கேள்விகளைக் கொடுத்தார்கள். இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். இது வெறும் ஆய்வுப் பயிற்சி என்று இன்னொரு குழுவுக்குச் சொன்னார்கள். திறமைத் தேர்வு என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். தன் கூட்டத்தைப் பற்றிய இழிமுத்திரையை மெய்ப்பித்துவிடுவோமோ என்ற அச்சம் கையைக் கட்டுகிறது என்பது விளக்கம். அந்தக் கட்டுரையின் வரைபடத்தில், அச்சம் நீங்கிய இடத்தில் இரு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றாக நின்றன. அச்சத்தை நீக்கினால் இடைவெளி மறைந்துவிடும் என்று பாடநூல்களும் பத்திரிகைகளும் எழுதின. நம் மேடைகளிலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது.

அந்த வரைபடம் நேரடி மதிப்பெண்களால் ஆனதல்ல. மாணவர்கள் முன்பு எழுதிய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்து, அதற்கேற்பத் திருத்திய மதிப்பெண்கள் அவை. அதாவது முன்பே இருந்த இடைவெளியைக் கழித்துவிட்டு வரைந்தது. அச்சம் இடைவெளியை மேலும் அகலமாக்கியது என்று சொல்லலாம். அச்சத்தை நீக்கினால் இடைவெளியே இல்லை என்று சொல்ல முடியாது. 2004-ல் பால் சாக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் இதை எடுத்துக்காட்டினார்கள். இந்த வேறுபாடு அரசியலில் பெரிது. "அச்சம் போனால் சரி" என்பது அரசின் செலவைக் குறைக்கும் வாதம். ஒரு தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்தினால் போதும், பள்ளிக்கு ஆசிரியரும் கட்டடமும் வேண்டாம். இதே கோட்பாட்டை, பெண்களுக்குக் கணக்கு வராது என்ற முத்திரையை வைத்து, 2018-ல் நெதர்லாந்தில் 2,064 பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். என்ன எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுச் செய்த சோதனை. விளைவு தென்படவில்லை. சிறு எண்ணிக்கையில் செய்து, கைகூடியதை மட்டும் அச்சிட்டு, கைகூடாததை அலமாரியில் வைக்கும் பழக்கம் அந்தத் துறையில் இருந்தது என்பதை உளவியலாளர்களே இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இந்தியாவில் நடந்த சோதனை? அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2003-ல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை அழைத்தார்கள். மொத்தம் 642 பேர். பாதிப்பேர் ஆதிக்க சாதிகள், பாதிப்பேர் சமார் சாதி. ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, தாளில் சிக்கல்பாதைப் புதிர் கொடுத்து, 15 நிமிடத்துக்குள் எத்தனை தீர்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். தீர்த்த புதிருக்கு ஒரு ரூபாய். சில குழுக்களில் சாதியைச் சொல்லவில்லை. சில குழுக்களில் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்பும் வாசித்தார்கள். சொல்லாத இடத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சொன்ன இடத்தில் தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. இங்கே கழித்துத் திருத்திய வரைபடம் தேவைப்படவில்லை. தீர்த்த புதிர்களை நேரடியாகவே எண்ணிப் பார்க்கலாம்.

நாம் பாராட்ட வேண்டியது அடுத்த அடியை. குறைந்தது ஏன்? தன்மேல் நம்பிக்கை போனதாலா, எதிரே இருப்பவர்மேல் நம்பிக்கை போனதாலா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது உண்மையென்றால் கோளாறு சிறுவனுக்குள் இருக்கிறது. இரண்டாவது உண்மையென்றால் சிறுவன் உலகத்தைச் சரியாகப் படித்திருக்கிறான். இரண்டையும் பிரிக்க ஆய்வாளர்கள் வேறு சோதனை அமைத்தார்கள். ஒரு புதிரைத் தீர்ப்பாய் என்று உன்மேலேயே பந்தயம் வைப்பாயா என்று கேட்டார்கள். சாதி சொல்லப்பட்ட பிறகு, மதிப்பிடுபவரின் கை புகுவதற்கு இடமிருந்த பந்தயத்தில்தான் தலித் சிறுவர்கள் தயங்கினார்கள். குலுக்கல் சீட்டு முடிவு செய்யும் இடத்தில், மனிதக் கை புகாத இடத்தில், அந்தத் தயக்கம் தெரியவில்லை. உழைத்தாலும் நமக்குத் தரமாட்டார்கள் என்று பன்னிரண்டு வயதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதைத் தாழ்வு மனப்பான்மை என்று எழுதுவது பிழை.

குறைகளும் உண்டு. சிறுவர்கள் மட்டும், ஒரு வட்டாரம், ஒருவகைப் புதிர், சில நிமிடங்கள். இதை வைத்துக்கொண்டு இந்தியாவின் எல்லாத் தலித் மாணவர்களின் பத்து ஆண்டுப் படிப்பையும் விளக்கிவிட முடியாது. இன்னொன்று அறம் சார்ந்தது. சாதியை வாசித்தால் பிள்ளை சுருங்கும் என்று ஊகித்துக்கொண்டே அதை வாசித்தார்கள். அங்கே பள்ளிகளில் அன்றாடம் நடப்பதுதானே என்று வாதிடலாம். இங்கும்தான் நடக்கிறது, உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்ற குரலைக் கேட்காதவர் இந்த அரங்கில் எத்தனை பேர்? அன்றாடம் நடக்கிறது என்பது, ஆய்வுக்காக இன்னொரு முறை நடத்த உரிமம் ஆகாது. நம் மன்றம் ஒரு சோதனை செய்தால் பிள்ளைகளை வைத்து இதைச் செய்யக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேறு வழி இருக்கிறது. ரெமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் நாற்காலி மாறியது. இந்தியாவில் பிள்ளைகள் எழுதிய தேர்வுத் தாள்களை எடுத்து, முகப்பில் சாதியையும் மற்ற விவரங்களையும் குலுக்கல் முறையில் எழுதினார்கள். பிறகு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். எந்தத் தாளுக்கு எந்தச் சாதி என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், தாளின் தரத்துக்கும் முகப்புக்கும் தொடர்பே இல்லை. பிறகும் மதிப்பெண் வேறுபட்டால் அது திருத்தியவரின் கையில் நிகழ்ந்தது. வேறுபட்டது. தாழ்த்தப்பட்டவர் என்று எழுதியிருந்த தாளுக்குச் சற்றே குறைவு. அளவு சிறியதுதான். இதில் நமக்குக் கசப்பான செய்தி, அந்தக் குறைவு பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் அந்த ஆய்வைச் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். அமைப்பு நேர்த்தியானது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, வந்த முடிவு பிடிக்கவில்லை என்று தள்ள முடியாது. நம் ஆசிரியர் சங்கங்கள் பேச வேண்டிய செய்தி அது.

வேலைச் சந்தையிலும் இப்படி நாற்காலி மாறியது. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்று, பெயர் வேறு. ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 2009-ல் அபிஜித் பானர்ஜி குழுவினர் டெல்லியில் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்கள் அனுப்பி, மென்பொருள் வேலைகளில் அத்தகைய பாகுபாடு தெரியவில்லை என்று எழுதியதை யாரும் காட்டுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த வேலையில், எந்தக் கட்டத்தில் கதவு சாத்தப்படுகிறது என்ற நல்ல கேள்வி பிறக்கிறது. 2011-ல் ஜாரா சித்திக் சென்னையில் செய்த ஆய்வும் உண்டு. அதே அழைப்பைப் பெறத் தாழ்த்தப்பட்ட சாதி விண்ணப்பதாரர் 20 விழுக்காடு அதிக விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது என்றார்.

முதுநகரில் இதைச் செய்து பார்க்கலாம் என்று நம் மாணவர்கள் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனையும். டெல்லி முறையை அப்படியே கொண்டுவந்தால் முதல் படியிலேயே உடையும். வடக்கே பெயரின் வாலில் சாதி இருக்கிறது. நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. எம். குமார் என்றால் யார் என்று சொல்ல முடியாது. அது திராவிட இயக்கம் தந்த கொடை. அதனால் இங்கே சாதி வேறு வழியில் கசிகிறது. முகவரியில் "காலனி" என்று இருக்கும். படித்த பள்ளி ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று சான்றிதழ் சொல்லும். தங்கிய இடம் 2025-ல் பெயர் மாறும் வரை ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்தது.

முகவரியை மாற்றி மாற்றி அனுப்பினால் போதுமா? போதாது. காலனி என்ற சொல் சாதியை மட்டும் சொல்வதில்லை. ஏழ்மையையும் சொல்கிறது, ஊருக்கு வெளியே இருக்கும் தூரத்தையும் சொல்கிறது. அழைப்பு குறைந்தால், ஏழை என்பதால் கூப்பிடவில்லை, பஸ் வசதி இல்லாத இடம் என்பதால் கூப்பிடவில்லை என்று கம்பெனிக்காரர் சொல்லிவிடுவார். காரணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நாம் எதையும் நிரூபிக்க முடியாது. விடுதியை எடுத்துக்கொண்டால் வழி கிடைக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் 2025-க்கு முன் தங்கிய ஆதிதிராவிடர் நல விடுதி, இன்னொன்றில் அதேபோல் முன்பு தங்கிய பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி. இரண்டும் அரசு விடுதி, இரண்டிலும் தங்குவது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், இரண்டும் ஒரே ஊரில் இருக்கும்படி தேர்ந்தெடுக்கலாம். ஏழ்மையும் தூரமும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். சாதி மட்டும் வேறுபடும்.

எண்ணிக்கை பெரிய தலைவலி. நூற்றுக்குப் பத்துப் பேரை அழைக்கும் இடத்தில் நம்மவரை ஏழு பேர்தான் அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றின் வேறுபாடு தற்செயல் அல்ல என்று வழக்கமான கணக்குப்படி நிறுவ, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1,350 விண்ணப்பங்கள் வேண்டும். ஐம்பது அனுப்பிவிட்டு, பார்த்தீர்களா என்றாலும் தவறு. ஐம்பது அனுப்பிவிட்டு, வேறுபாடு இல்லை என்றாலும் தவறு. கடலூர் மாவட்டத்தில் அத்தனை விளம்பரம் வருமா? துணிக்கடையும் நகைக்கடையும் ஆள் எடுப்பது தெரிந்தவர் சொல்லித்தான். கடிதம் போகாத கதவைக் கடிதத்தால் சோதிக்க முடியாது. விழுப்புரம், புதுச்சேரியையும் சேர்த்து, இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டு, ஒரே வேலைக்கு இரண்டு விண்ணப்பங்களையும் இணையாக அனுப்பலாம் என்பது இப்போதைய யோசனை.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் பேசி முடித்திருக்கிறோம். என்ன எதிர்பார்க்கிறோம், எதை எண்ணுவோம், எப்போது நிறுத்துவோம் என்பதை முதலிலேயே எழுதி, பதிவுத் தபாலில் மன்ற முகவரிக்கு அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைப்பது. பாதியில் முடிவு நமக்குப் பிடித்தமாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும்; அதற்கு இது பூட்டு. அடுத்து, தொலைபேசியில் வரும் அழைப்பைக் குறித்துவைக்கும் தோழருக்கு எது எந்த விடுதி விண்ணப்பம் என்று தெரியக்கூடாது. "பரிசீலிக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அதை அழைப்பாக எண்ணுவதா வேண்டாமா என்ற இடத்தில் நம் மனம் சாயும்.

தீராத கேள்வி ஒன்று மிச்சம். பொய் விண்ணப்பம் அனுப்பி, இரண்டு பேர் வைத்து நடத்தும் சிறிய அலுவலகத்தின் நேரத்தை வீணாக்கலாமா? ஒரு தோழர் கூடாது என்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் அனுப்பலாம் என்கிறார். அப்படிச் செய்தால் விண்ணப்ப எண்ணிக்கை பாதியாகக் குறையும். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விடுதி விண்ணப்பங்களின் மாதிரியையும் மாணவர்கள் எழுதிக் கொண்டுவருகிறார்கள். அன்று அதையும் முடிவு செய்ய வேண்டும்.